தடைக்காலம்

இந்தத் தீவில் ஆண்முயல் இருப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை.
ஆனாலும் அவல் மூன்றாம் முறையாகக் கூடு கட்டுகிறது.
அறுகம்புல்லை வாய்கொள்ளாமல் கவ்விக்கொண்டு
கட்டிலுக்கும் ஐஸ்பெட்டிக்கும் நடுவே ஓடுகிறது.
விளக்குமாற்றில் நாலு குச்சி,
வலையில் அறுந்த நீல நைலான்,
அதுவும் போதாமல்
தன் கழுத்து மயிரைத் தானே பிடுங்கி
மெத்தை போடுகிறது.
பிடுங்கின இடத்தில் தோல்
உரித்த இறால் நிறம்.

பேர் வைத்தது சின்னவன்.
அவல் நிறம், அதனால் அவல்.
நாக்கைக் கொஞ்சம் மடித்தால் அவள்.

படகைக் கட்டிப்போட்டு வீட்டிலிருக்கும் இவர்
கண்ணி முடிந்துகொண்டே சொன்னார்:
"இஞ்சின் ஓடாமலே டீசல் தீருது பாரு."
சிரித்தேன். பிறகு சிரிப்பு வரவில்லை.

ராம்நாட்டு மாட்டு டாக்டர் நேர்மையானவர்.
"ஆட்டுக்குச் செய்வேன், நாய்க்குச் செய்வேன்,
முயல் மேல கத்தி வச்சதில்லம்மா."
விட்டுவைத்தால்?
"நாலு வயசுக்கு மேல கருப்பையில கட்டி வரலாம்."
செய்தால்?
"மயக்கத்துல இருந்து எந்திரிக்காமலும் போகலாம்.
மதுரையில ஒருத்தர் இருக்கார், நல்ல கை."
வரலாம், போகலாம்,
இரண்டு லாமையும் முந்தானையில் முடிந்துகொண்டு
பஸ் ஏறினேன்.

பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று
சீட்டுக்காரியிடம்கூட சாதித்தவள் நான்.
பிடிக்காமல் தானாக மடிக்கு வந்த இதற்கு
எத்தனை கால் என்று
இருட்டில் தடவிப் பார்த்துக் கிடக்கிறேன்.

மதுரைக்காரர் கேட்டது நாலாயிரத்து ஐநூறு.
தடைக்கால நிவாரணத்தில் பாதிக்கு மேல்.
"முந்நூறு ரூபா முயலுக்கா?" என்றார் இவர்,
கோபமில்லாமல், கணக்குக் கேட்கிற குரலில்.
எனக்கும் அந்தக் கணக்கு வரவில்லை.

நண்டுக் கம்பெனியில் சதை பிரிக்கிறேன்.
வயிற்று மடிப்புக்குள் கறுத்த முட்டையோடு
எப்போதாவது ஒன்று வந்துவிடும்.
"சினை நண்டக் கடல்ல விடணும்னு தெரியாதா?"
சூப்பர்வைசர் கத்துவார்.
எங்களிடம் வருவதெல்லாம் வெந்த நண்டு.
யாரைத் திட்டுகிறார் என்று
நாங்கள் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

கடலுக்கு அறுபத்தொரு நாள்.
பெருகட்டும் என்று அதற்குத் தடை.
பெருகவே போகாததற்கு என்ன பேர் வைப்பது?

லூர்தம்மாள் மதில்மேல் மோவாயை வைத்துச் சொன்னாள்:
"நீயும் பண்ணிக்கிட்டவதானடி, இதுல என்ன யோசனை?"
பண்ணிக்கொண்டேன். வருத்தமில்லை.
மறுநாளே சண்டை போட்டுக் காபி வாங்கிக் குடித்தேன்.
ஆனால் என்னிடம் கேட்டார்கள், லூர்து.
வலிக்குமா என்று நானும் திருப்பிக் கேட்டேன்.

பதினேழாம் நாள் காலை
கூட்டைத் திரும்பிப் பார்க்காமல்
முள்ளங்கி இலை தின்றுகொண்டிருந்தது அவல்.
மயிர்மெத்தையை நான்தான் பெருக்கி அள்ளினேன்.
எடையே இல்லை.
குப்பையில் போடக் கை வராமல்
ஹார்லிக்ஸ் பாட்டிலில் அடைத்துவைத்தேன்,
எதற்கென்று தெரியாமல்.

பட்டினி போடக்கூடாது என்று போனில் சொன்னார்கள்.
முயலுக்கு வாந்தி வராதாம்.
விழுங்கினதைத் திருப்பித் தரத் தெரியாத உயிர்.
அதனால் விடியற்காலை பஸ்ஸிலும்
தெர்மாகோல் மீன்பெட்டியின் ஓட்டை வழியாக
ஒவ்வொரு இலையாக நீட்டுகிறேன்,
ஒவ்வொன்றும் இழுபட்டு உள்ளே போகிறது.

ஜெராக்ஸ் கடையில் எடுத்த படிவம்
பர்ஸுக்குள் நாலாக மடிந்திருக்கிறது.
உரிமையாளர் கையொப்பம் என்ற இடத்தில்
என் பேரை நேற்றே எழுதிவிட்டேன்,
சின்னவனின் பென்சிலில்.

"பெட்டியில என்னக்கா, மீனா?" என்றான் கண்டக்டர்.
"அவல்" என்றேன்.
லக்கேஜ் போடாமல் போய்விட்டான்.

பாம்பன் பாலத்தில் பஸ் ஏறியதும்
ஓட்டையில் மூக்கு மட்டும் வந்து நின்றது,
உப்புக்காற்றை வேகமாக எண்ணுவதுபோல்.
மண்டபம் வரைக்கும் அது உள்ளே போகவில்லை.